ராகு காலத்துக்குள் மூன்று சாட்சிகள்

அனுமந்தன்பட்டி ராஜமணிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது ஊரில் யாருக்கும் பெரிய செய்தி அல்ல. அவர் அதை மேடை போட்டுச் சொன்னதுமில்லை. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி இறங்குகிற ஜீப் அவருடையது. மற்ற ஜீப்புகளில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு குட்டிக் கோயிலே குடியிருக்கும். இவருடையதில் ஒரு தீப்பெட்டியும் துடைக்கிற துணியும் கிடக்கும். “ஏண்ணே, மலைப்பாதைல போறோம், ஒரு முருகன் படமாச்சும் ஒட்டக் கூடாதா?” என்று தோட்டத்துப் பெண்கள் கேட்டால், “பிரேக்கு புடிக்குது ஆத்தா, ஒக்காரு” என்பார். அவருடைய தத்துவம் அவ்வளவுதான்.

அந்தத் தத்துவத்துக்குத் துணை எதுவும் தேவைப்படாமல்தான் இருந்தது, மகள் முத்துலட்சுமி எபனேசரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லும்வரை.

எபனேசர் போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருவருக்கும் வேலை. அவனும் ஜெபத்தை விட்டு வெகுநாளாயிற்று. ராஜமணிக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை முழுவதையும் மொத்தமாகக் குத்தகை எடுத்துக்கொண்டவர் கோட்டைச்சாமி. ராஜமணியின் இறந்துபோன மனைவிக்கு அண்ணன்; முத்துலட்சுமிக்குத் தாய்மாமன்; பண்ணைப்புரத்தில் தோட்டம் துரவோடு இருக்கிற ஆள். முத்துலட்சுமி தொட்டிலில் கிடந்தபோதே அவளைத் தன் மகனுக்கு என்று முடிவுசெய்து வைத்திருந்தவர்.

மதம் வேறு வேறு என்றால் சட்டமும் வேறு. பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை ஒரு மாதம் பலகையில் ஒட்டிவைப்பார்கள். மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். முடிக்கிற அன்றைக்கு மூன்று சாட்சிகள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நோட்டீஸைக் கொடுத்தாயிற்று. ஒரு ஜீப்பில் பதினைந்து பேரைத் திணிக்கிறவனுக்கு மூன்று பேர் ஒரு பொருட்டா என்றுதான் ராஜமணி நினைத்தார்.

கோட்டைச்சாமி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “இந்தக் கல்யாணத்துக்கு எவன் சாட்சி போடுறானோ, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நம்மாளுக ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாக.” அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரிசோதனை நிலையத்து முதலாளியிடமும் ஆள் போனது. பிள்ளைகளின் சிநேகிதர்களுக்கெல்லாம் திடீரென்று விடுப்பே கிடையாது என்று ஆகிவிட்டது. இருபது வருடம் கூட வண்டி ஓட்டிய சிநேகிதனே கண்கலங்கிச் சொன்னான்: “அண்ணே, உங்களுக்காக உசுரக் குடுப்பேன். கையெழுத்து மட்டும் கேக்காதீக.”

அப்படி நின்றபோதுதான் உத்தமபாளையம் பேருந்து நிலையச் சுவரில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தார். ‘கடவுள் இல்லாதவர்களே! நீங்கள் தனியாக இல்லை! – கம்பம் பள்ளத்தாக்கு மதமற்ற மனிதநேயர் கூடல்.’ ராஜமணி அதை இரண்டு தடவை படித்தார். யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

கூடல் ஓர் உரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குக் கூடியது. மேடை நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு, எண்ணெய் ஊற்றி, ஐந்து முகத்துக்கும் திரி போட்டுத் தயாராக நின்றது. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ராஜமணி திரும்பப் பார்த்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: “இப்போது நம் சிறப்பு விருந்தினர் விளக்கு ஏற்றாமல் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார்.”

சின்னமனூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் செருப்போடு மேடையேறினார். தீப்பெட்டியை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள். அவர் ஒரு குச்சியை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். கைதட்டல் அதிர்ந்தது. இரண்டாவது திரியை ஏற்றாமலிருக்கத் துணைத்தலைவரை அழைத்தார்கள். மூன்றாவது திரியில் மகளிரணிக்கும் இளைஞரணிக்கும் மனத்தாங்கல் வந்தது. போன மாதமும் இளைஞரணிதான் ஏற்றாமல் இருந்ததாம்.

ஐந்து திரியும் முறைப்படி ஏற்றப்படாமல் முடிந்தபின் தலைவர் அய்யாத்துரை பேச எழுந்தார். கல்வித் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். ஆய்வுக்குப் போகும் பள்ளிகளில் பிள்ளைகள் எழுந்து நிற்காவிட்டால் சம்பள உயர்வை நிறுத்தியவர் என்று பெயர். அவர் வாயைத் திறந்ததும் மின்சாரம் போயிற்று. வெளியே மழை மூட்டம், அறை கும்மிருட்டு. ராஜமணி ஓர் உபகாரமாக எழுந்து, தட்டிலிருந்த தீப்பெட்டியைத் தடவி எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்தார்.

“ஏய்! ஏய்! யாருய்யா அது?” என்று பத்துக் குரல்கள் அலறின.

“எண்ணெ இருக்கு, திரி இருக்கேன்னு பாத்தேன்” என்றார் ராஜமணி.

“அது ஏற்றுவதற்கு இல்லை, தோழரே! கொள்கை!”

குச்சி அவர் விரலைச் சுட்டு அணைந்தது. பிறகு அந்த இருட்டிலேயே, யார் முகமும் யாருக்கும் தெரியாத நிலையில், ‘அறிவு வெளிச்சமும் மனித உறவும்’ என்ற தலைப்பில் அய்யாத்துரை முக்கால் மணி நேரம் பேசினார்.

“தோழர்களே! மதவாதிகளிடம் என்ன இருக்கிறது? கூட்டம் இருக்கிறது! ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் கஞ்சிச் சட்டியோடு போய் நிற்கிறார்கள். ஏன்? பயம்! சொர்க்கத்தில் இடம் பிடிக்கும் பேராசை! நாம் அப்படியா? போன மாதம் நம் உறுப்பினர் ஒருவருக்கு மஞ்சள்காமாலை. நம்மில் ஒருவராவது எட்டிப் பார்த்தோமா? இல்லை! ஏனென்றால் நமக்கு எதிர்பார்ப்பு இல்லை. எதிர்பார்ப்பு இல்லாத அன்பே உயர்ந்த அன்பு!”

இருட்டில் எங்கோ ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. மஞ்சள்காமாலைக்காரராக இருக்கலாம்.

கூட்டம் முடிந்து ராஜமணி தயங்கித் தயங்கித் தன் தேவையைச் சொன்னார். அய்யாத்துரை அவர் தோளில் கையைப் போட்டார். “மூன்று சாட்சியா? தோழரே, நாற்பது பேர் வருவோம்! பதாகையோடு வருவோம்! இந்தப் பள்ளத்தாக்கிலேயே இப்படி ஒரு திருமணம் நடந்ததில்லை என்று காட்டுவோம்.”

ராஜமணி அன்றிரவு நன்றாகத் தூங்கினார். நாற்பதில் மூன்று கழியாதா என்ன?

கூடல் நாள் பார்க்கத் தொடங்கியது. மூடநம்பிக்கையை முறியடிக்க வேண்டும் என்றால் ராகு காலத்தில் செய்ய வேண்டும். அதில் ராஜமணிக்கும் சம்மதம்தான். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பதிவு அலுவலகத்தில் ஈ காக்கை இருக்காது. வேலை சுருக்கா முடியும். ஆனால் ராகு காலம் மட்டும் போதாது என்றார் செயலாளர் இனியன். தனிப்பயிற்சிக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவர் மேசையில் நான்கு பஞ்சாங்கங்கள் அடையாளத் தாள் செருகிக் கிடந்தன. “தேய்பிறையாக இருக்க வேண்டும். அஷ்டமியோ நவமியோ அமைந்தால் சிறப்பு. கரிநாளாகவும் இருந்துவிட்டால் நம் பாக்கியம்.”

முதலில் பார்த்த வெள்ளி வளர்பிறையில் விழுந்தது, தள்ளிவிட்டார்கள். அடுத்த வெள்ளி தேய்பிறைதான், ஆனால் ஒரு பஞ்சாங்கத்தில் சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தது. “கறை படிந்த நாள்” என்றார் இனியன். அதற்கடுத்ததில் எல்லாம் கூடிவந்தது, பெண்ணுக்குச் சந்திராஷ்டமம் மட்டும் இல்லை. ஒரு நல்ல கெட்ட நாள் அமைவது அத்தனை சுலபமில்லை. இதற்குள் இனியனின் திறமை வெளியே பரவி, அக்கம்பக்கத்தார் வந்து, “சார், வர்ற வாரம் மாடு வாங்கணும், எந்த நேரத்தத் தவிர்க்கணும்?” என்று கேட்டுப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவரும் சலிக்காமல் சொல்லி அனுப்பினார்.

முத்துலட்சுமி அப்பாவிடம் சொன்னாள். “அப்பா, பேசாம நாம ஒரு சோசியர்கிட்டயே போயிருக்கலாம். அவரு பரிகாரமாச்சும் சொல்லிருப்பாரு.”

“பொறு ஆத்தா. நாப்பது பேரு இருக்காக.”

“நாப்பது பேரு இருக்காகளா, நாப்பது பஞ்சாங்கம் இருக்கா?”

இடையில் ஒரு கூட்டத்துக்கு ராஜமணியால் போக முடியவில்லை. அழைப்புக் கடிதமே வரவில்லை. அனுமந்தன்பட்டி என்று எழுதினால் ஒரு கடவுளின் பெயரைத் தபால்துறை மூலமாகப் பரப்பியதாகும் என்று தீர்மானம் போட்டு, ‘ராஜமணி, பட்டி, உத்தமபாளையம் வழி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் வட்டாரத்திலிருக்கிற எல்லாப் பட்டிக்கும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சங்கத்துக்கே திரும்பியது. கூட்டத்துக்கு வராததற்காக அவருக்கு ஒரு கண்டனமும் அதே முகவரிக்கு அனுப்பப்பட்டது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முடிவாயிற்று. தேய்பிறை அஷ்டமி. நோட்டீஸ் காலாவதியாவதும் அன்றைக்குத்தான். அன்று ஒரு மணிக்குள் மூன்று பேர் கையெழுத்து விழாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. மறுபடி ஒரு மாதம் பலகையில் பெயரும் படமும் தொங்கும். கோட்டைச்சாமி போன தடவை வாயோடு நின்றார். மறுபடி நோட்டீஸ் ஒட்டினால் எபனேசரின் கையைக் காலை முறிக்க ஆள் அமர்த்திவிட்டதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. மகளிடம் ராஜமணி இதைச் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளும் சொல்லவில்லை.

அன்று காலை பத்தேகாலுக்கே பெண்ணும் மாப்பிள்ளையும் ராஜமணியும் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். எதிர்பெஞ்சில் கோட்டைச்சாமி, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் ஒச்சாண்டி என்ற அவருடைய ஆள், பனைமரம் மாதிரி. ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டது என்று அதிகாரி சொல்லிவிட்டதால், சாட்சி வராமல் போவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். மூலையில் எபனேசரின் தாயார் எப்சிபா. மகன் மனம் மாற மாட்டானா என்று போடியிலிருந்து பஸ் ஏறி வந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கூடலின் வேன் வரவில்லை.

“எங்க ராசமணி, ஒன் புது சொந்தக்காரக?” என்றார் கோட்டைச்சாமி. “சாமி இல்லேங்கிறவகளுக்கு வண்டியும் இல்லையோ?”

வண்டி இருந்தது. ஆனால் கூடல் எதற்குப் புறப்பட்டாலும் கறுப்புப் பூனை குறுக்கே போக வேண்டும் என்பது விதி. அதற்கென்றே ஒரு பூனையைக் கூடையில் வளர்த்தார்கள். வேளா வேளைக்குப் பால் ஊற்றி வளர்த்த பூனை, கொழுத்துவிட்டது. வேனுக்கு முன்னால் இறக்கிவிட்டதும் நடுரோட்டில் படுத்துத் தூங்கிவிட்டது. துணைத்தலைவர் கருவாட்டைக் காட்டியிருக்கிறார். தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்க, “அது பூனை போனதாகாது, நாம் போனதாகும்” என்று அய்யாத்துரை மறுத்துவிட்டார். பதினொன்றேகாலுக்குத்தான் அது எழுந்து சோம்பல் முறித்துக் குறுக்கே போயிருக்கிறது.

நாற்பது பேரும் வந்து இறங்கியதும் ராஜமணிக்கு உயிர் வந்தது. “வாங்க வாங்க, உள்ள வாங்க. மூணு பேரு முன்னால வாங்க.”

அய்யாத்துரை பேனாவைத் திறந்தார். இனியன் அவர் கையைப் பிடித்தார்.

“ஒரு நிமிடம் தலைவரே. ராகு காலம் இன்னும் தொடங்கவில்லை.”

“பத்தரைக்கே தொடங்கிவிட்டதே?”

“அது காலண்டர் ராகு காலம். சூரிய உதயம் ஆறு மணி என்று வைத்துப் போட்ட குருட்டுக் கணக்கு. நம் பள்ளத்தாக்கில் கிழக்கே மலை. சூரியன் மலையேறி நம் கண்ணில் படவே மணி ஏழாகிறது. உதயத்தை வைத்துத்தான் ராகு காலம் கணக்கிட வேண்டும். இங்கே அது பதினொன்றரைக்குமேல்தான். இப்போது கையெழுத்துப் போட்டால் அறிவியலுக்கு விரோதம்.”

நாற்பது பேர் இரண்டு அணியானார்கள். காலண்டர் அணி இடது பக்கம், மலை அணி வலது பக்கம். மலை அணியினர் காகிதம் வாங்கிக் கோணம் வரைந்தார்கள். காலண்டர் அணி, “முன்னோர் வகுத்த ராகு காலத்தை மாற்ற நீங்கள் யார்?” என்று கேட்டது.

எபனேசர் கையைத் தூக்கினான். “சார், பதினொன்றரைலருந்து பன்னெண்டு வரைக்கும் ரெண்டு கணக்குலயும் ராகு காலம்தானே? அந்த நேரத்துல போட்ருங்களேன்.”

 ராஜமணி நம்பிக்கையோடு அய்யாத்துரையைப் பார்த்தார்.

“தம்பி” என்றார் அய்யாத்துரை. “ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தரப்பும் கூடிப்பேசி ஒத்துக்கொள்கிற நேரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? முகூர்த்தம்! அதைத்தானே ஒழிக்க வந்திருக்கிறோம்?”

இரு அணியும் அன்றைக்கு முதல் தடவையாகச் சேர்ந்து கைதட்டின.

பன்னிரண்டு அடித்தது. காலண்டர் அணி பேனாக்களை மூடிச் சட்டைப்பையில் செருகியது. ராஜமணி இனியனிடம் ஓடினார். “சார், உங்க கணக்குல இன்னும் நேரம் இருக்குல்ல? நீங்க மூணு பேரு போடுங்க சார்.”

இனியன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “போடலாம்தான். ஆனால் இன்று மலை மேல் மேகம். சூரியன் எப்போது எழுந்தது என்று நேரில் கண்டவர் யாரும் இல்லை. ஆதாரம் இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை.”

“சூரியன் வந்திருக்கு சார்! வெளிச்சமா இருக்குல்ல!”

“அது அனுமானம்.”

அதிகாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “ராஜமணி, ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போயிருவேன். வந்தா கோர்ட்டு வேலை இருக்கு. சாட்சிய இப்பவே கூப்பிடுங்க. ராகு காலமும் முடிஞ்சிருச்சு, பன்னெண்டேகாலுக்கு மேல நல்ல நேரம்தான்.”

அதுதான் வினையாயிற்று. “நல்ல நேரமா?” என்று அய்யாத்துரை தீயை மிதித்தவர் போலப் பின்வாங்கினார். முத்துலட்சுமி அவர் முன்னால் போய் நின்றாள். அவள் கையில் மாலை வாடிக்கொண்டிருந்தது.

“ஐயா, இன்னிக்கு விட்டா இவர என்ன செய்வாகன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“அம்மா, தனிமனிதர் வருவார், போவார். கொள்கை நிற்கும். நல்ல நேரத்தில் உனக்குக் கல்யாணம் நடந்தால், அது இந்தச் சங்கத்துக்கே தீராத அவமானம். நடக்காமல் இருப்பதே மேல்.”

எதிர்பெஞ்சிலிருந்து கோட்டைச்சாமி மெல்ல எழுந்தார்.

“என்னய்யா சொன்ன?”

“நாங்கள் எங்கள் கொள்கையை…”

“கொள்கையக் கொண்டுபோயி உரக்கடைல வையி. என் தங்கச்சி மகளுக்கு நல்ல நேரத்துல கல்யாணம் நடந்தா ஒனக்கு அவமானமா? இம்புட்டு நேரமும் அஷ்டமில, ராகு காலத்துல அந்தப் புள்ளயத் தள்ளி விடத்தான் பாத்துக்கிட்டு இருந்தீகளா? தாயில்லாத புள்ளன்னு நெனச்சீகளா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “இந்தக் கல்யாணத்தத் தடுக்கணும்னா நான் தடுப்பேன். நான் தாய்மாமன். ஒனக்கு என்னலே உரிமை?”

‘லே’ போட்டதும் அய்யாத்துரை ஓர் அடி ஒதுங்கினார். அவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு யாரும் ‘லே’ போட்டுப் பேசியதில்லை.

கோட்டைச்சாமி மணியைப் பார்த்தார். பன்னிரண்டரை. நேராக உள்ளே போனார். “எங்கன போடணும்?” கேட்டுப் போட்டார். திரும்பி, “ஒச்சாண்டி!” என்றார். ஒச்சாண்டி எதற்கு வந்தான் என்பதும் எதற்குக் கையெழுத்துப் போடுகிறான் என்பதும் அவன் முகத்திலிருந்து தெரியவில்லை. அவனும் போட்டான்.

“இன்னொரு ஆளு” என்றார் அதிகாரி.

கோட்டைச்சாமி மூலையைப் பார்த்தார். “பொண்ணு வீட்டுல ரெண்டு போட்டாச்சு. மாப்பிள்ளைக்கு ஆளுக இல்லையோ? அநாதப் பயலுக்கா என் மருமகளக் குடுக்குறேன்?”

எப்சிபா விருட்டென்று எழுந்தார். “யாரு அநாத? பஜார்ல வந்து கேட்டுப் பாருங்க, எம்புள்ள யாருன்னு. நாங்க நாளும் பாக்க மாட்டோம், நேரமும் பாக்க மாட்டோம். கர்த்தர் உண்டாக்குன எல்லா நேரமும் நல்ல நேரந்தான்.” கைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து அழுத்திப் போட்டார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வெளியே நாற்பது பேரும் பதாகையை விரித்து நின்றார்கள். “ராஜமணி” என்றார் அய்யாத்துரை. “நீங்கள் நல்ல நேரத்தில் மகளுக்குத் திருமணம் செய்திருக்கிறீர்கள். உங்கள் உறுப்பினர் நிலையைப் பற்றி ஞாயிறு பேச வேண்டியிருக்கும்.”

“பேசுங்க சார்” என்றார் ராஜமணி. “ஆளு நெறைய இருக்கீக.”

ஜீப்பில் கோட்டைச்சாமி கேட்காமலே முன்சீட்டில் ஏறினார். “சாட்சி போட்டவனப் பட்டினியா அனுப்புவியோ? கம்பத்துல நல்ல கடையாப் பாத்து நிறுத்து. சாப்புட்டு எறங்குனதோட சரி. அப்புறம் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.” பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம், எப்சிபாவும் ஒச்சாண்டியும் எதிர்ப்பக்கம்.  ஊரைத் தாண்டியதும் எப்சிபா கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன.

கோட்டைச்சாமி திரும்பினார். “ஏத்தா, என்ன முணங்குறீக?”

“ஜெபம் பண்றேன்.”

“அதுல எங்க புள்ள பேரு வருதா?”

“வருது.”

“அப்பச் சத்தமாச் சொல்லுங்க. வண்டி இரைச்சல்ல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

எப்சிபா குரலை உயர்த்தினார். ராஜமணிக்கு அதில் ஒரு வார்த்தைகூட நம்பிக்கை இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்.